காரைக்கால் இறாலும் அமெரிக்க வரியும்

காரைக்கால்,
அக்டோபர் 2025

அன்புள்ள செல்வம்,

நான் வந்த கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். அரை மணியில் ஊர் முடிந்து மறுபடி தமிழ்நாடு வந்துவிடுகிறது. துறைமுகத்தையும் பார்த்தேன். நிலக்கரிதான் வந்து இறங்குகிறது. தூத்துக்குடிக்காரர்களான நமக்கு அது புதுசில்லை.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. சம்பந்தி வீட்டு உறவுக்காரர் ஒருவர் இறால் குட்டை வைத்திருக்கிறார். நேற்று மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. இலையில் சோற்றைவிட இறால் தொக்குதான் அதிகம். "சாப்பிடுங்க மாமா, அமெரிக்காவுக்குப் போக வேண்டியது" என்றார். எனக்குக் கை ஓடவில்லை.

சாப்பிட்ட பிறகு குட்டைக்குக் கூட்டிப்போனார். ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன. ராத்திரி கரண்ட் போனால் உடனே ஓடிப்போய் ஜெனரேட்டர் போட வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக்கு இறால் மேலே வந்துவிடும், விடிவதற்குள் குட்டையே காலி. மழை பிடிப்பதற்குள் அறுவடையையும் முடிக்க வேண்டும். விலை ஏறட்டும் என்று காத்திருக்க வழியில்லை. கிலோவுக்கு நாற்பது நிற்கிற 40 கவுண்ட் இறாலைக் கையில் அள்ளிக் காட்டினார். வியாபாரி சொன்ன விலை தீவனக் கடனுக்கே காணாதாம்.

ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டிருக்கிறது. அதில் பாதி, ரஷ்யாவிடம் நாம் எண்ணெய் வாங்குவதற்காக. எண்ணெய் வாங்கியது யார், அடி வாங்குவது யார், பார்! போட்டிக்கு நிற்கும் ஈக்வடாருக்கு 15 சதவீதம்தான். 2024-25-இல் இந்தியா அனுப்பிய உறைய வைத்த இறால் 7.4 லட்சம் டன், அதில் 3.1 லட்சம் டன் அமெரிக்காவுக்கே போயிற்று. ஒரே வாசலை நம்பி இத்தனை குடும்பங்கள்.

இந்தக் குட்டைகளில் வளர்க்கும் வனாமி நம் கடல் இறாலே இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரையது. 2009-இல்தான் இங்கே அனுமதித்தார்கள். தாய் இறால் ஹவாயிலிருந்தும் ஃப்ளோரிடாவிலிருந்தும் விமானத்தில் சென்னை வந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே குஞ்சுப் பண்ணைக்குப் போகிறது. தாயை அவர்களிடம் வாங்கி, குஞ்சை இங்கே வளர்த்து, அவர்களுக்கே விற்கிறோம். இரண்டு முனையிலும் விலை சொல்வது அவர்கள்தான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இதே கரையிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அந்தக் கூலியை நிர்ணயித்ததும் கடலுக்கு அப்பால் இருந்தவர்கள்தான். நினைக்க நினைக்க மனசு கனக்கிறது.

குட்டைக்காரர் பக்கம் மட்டும் பேசவில்லை. நிலத்தடி நீர் உப்பாகிறது என்று வயல்காரர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றமே கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நிலத்தையும் கொடுத்து, விலையும் கிடைக்காமல் போவது எந்த ஊர் நியாயம்? இவ்வளவு வளர்த்தும் நம் வீடுகளில் இறால் விருந்துக்கு மட்டும்தானே வருகிறது! உள்ளூர்ச் சந்தையைப் பெருக்காதவரை இந்தக் கஷ்டம் தீராது.

இந்தக் குட்டை இறால் ஐஸ் போட்டு நம் தூத்துக்குடிக்கும் வருகிறதாம். நம் ஊர் இறால் கம்பெனிகளில் தோல் உரிக்கும் பெண்களுக்கு வேலை நாள் குறைந்திருக்கிறதா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
ராஜு