திரும்பி வராத டைம்ஸோன்

திங்கள்

பில்லிங் பகுதியில் ஒரு டெஸ்ட் சிவப்பு. தனியாக ஓட்டினால் பாஸ். மொத்தத் தொகுப்போடு ஓட்டினால் ஃபெயில். இந்திய நேரப்படி மார்ச் 1 அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில்லைப் பிப்ரவரிக் கணக்கில் சேர்க்கிறது. அந்த நேரத்தில் யுடிசி கணக்குப்படி பிப்ரவரி 28, இரவு 8:30. ஆக, நடுவில் ஏதோ ஒரு டெஸ்ட் டைம்ஸோனை யுடிசிக்கு மாற்றிவிட்டு அப்படியே போயிருக்கிறது. "மறுபடி ஓட்டுங்க, சரியாயிடும்" என்றார் ஒருவர். இந்த வைத்தியத்தைச் சொல்லாத அலுவலகத்தில் நான் இன்னும் வேலை பார்த்ததில்லை. வரிசை மாறாதவரை மறுபடியும் அதே சிவப்புதான்.

செவ்வாய்

தொகுப்பைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டியதில் ஆள் சிக்கியது. பார்த்தால் அடக்கமான டெஸ்ட். பைடெஸ்டின் மங்கிபேட்ச் வழியாக டிஇஸட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை மாற்றுகிறது. பிறகு பைத்தானின் டிஇஸட்செட்டைக் கூப்பிடுகிறது. எல்லாம் முறைப்படி.

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, மங்கிபேட்ச்தான் டெஸ்ட் முடிஞ்சதும் எல்லாத்தையும் பழையபடி வச்சிடுமே?"

"வேரியபிளை வச்சிடும். டைம்ஸோனை யார் வைப்பா?"

விஷயம் அங்கேதான். லினக்ஸில் சி லைப்ரரி அந்த வேரியபிளைப் படித்துத் தன் நினைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. பைத்தான் நேரம் கேட்கும் வழியில், டிஇஸட்செட்டை மறுபடி கூப்பிட்டால்தான் அந்தப் பிரதி புதுப்பிக்கப்படும். சுவரில் ஒட்டிய சீட்டைத் திருத்தியாயிற்று, கடிகாரத்தை யாரும் திருகவில்லை. வேரியபிளை அச்சிட்டுப் பார்த்தால் கொல்கத்தா என்றே காட்டும். மணி கேட்டால் லண்டன் குளிர்கால நேரத்தைச் சொல்லும்.

புதன்

திருத்தம் ஒரு வரிதான் என்று நினைக்கத் தோன்றும்: அந்த டெஸ்டுக்கு டைம்ஸோனை மாற்றிக் கொடுக்கும் ஃபிக்ஸ்சரில் யீல்டுக்குக் கீழே டிஇஸட்செட். போட்டுப் பார்த்தோம், அதே சிவப்பு. ஃபிக்ஸ்சர்கள் தலைகீழ் வரிசையில் கலைகின்றன. நம்முடையது மங்கிபேட்சைச் சார்ந்திருப்பதால் நம்முடையதுதான் முதலில் கலையும். அதாவது, வேரியபிள் இன்னும் யுடிசியாக இருக்கும்போதே டிஇஸட்செட் ஓடிவிடுகிறது. மங்கிபேட்சின் கான்டெக்ஸ்டை ஒரு வித் பிளாக்காகத் திறந்து, யீல்டை அதற்குள் வைத்து, பிளாக் மூடியபின் டிஇஸட்செட்டைக் கூப்பிட்டதும் பச்சை.

பழைய யூனிட்டெஸ்ட் பாணியில் எழுதுகிறவர்களுக்கு ஆட்கிளீனப் இருக்கிறது. அதிலும் கடைசியில் பதிவு செய்ததுதான் முதலில் ஓடும். ஆகவே டிஇஸட்செட்டை முதலில் பதிவு செய்துவிட்டு, வேரியபிளைத் திருப்பும் வேலையை அப்புறம் பதிவு செய்ய வேண்டும். டியர்டவுனை நான் இதற்கு நம்புவதில்லை. செட்அப் பாதியில் விழுந்தால் டியர்டவுன் ஓடாது. அதற்கு முன் பதிவான கிளீனப்புகள் ஓடிவிடும்.

வியாழன்

ஜாங்கோக்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஓவர்ரைட் செட்டிங்ஸ் 2012-இல் 1.4 பதிப்போடு வந்தது. செட்டிங்கை மாற்றும்போதும் திருப்பும்போதும் அது ஒரு சிக்னல் அனுப்பும். பிரதி வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம். டைம்ஸோன் மாறினால் டிஇஸட்செட்டைக் கூப்பிடும் வேலையையும் ஜாங்கோ இப்படித்தான் செய்கிறது. (டைம்ஸோனே சொல்லாவிட்டால் ஜாங்கோ சிகாகோ நேரத்தை எடுத்துக்கொள்ளும். கான்ஸஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்த பிள்ளை அல்லவா!)

இருந்தாலும் என் கட்சி வேறு. பில் எந்த மாதத்துக்கு என்று சொல்லும் ஃபங்ஷனுக்கு டைம்ஸோனை ஆர்கியுமென்ட்டாகக் கொடுத்துவிட்டால், மாற்றவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். இன்று அப்படியே மாற்றி எழுதினோம். மங்கிபேட்ச் பாதிக்குப் பாதி டெஸ்டுகளிலிருந்து காணாமல் போனது.

வெள்ளி

பைடெஸ்ட் ராண்டம்லி பிளகினைப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் டெஸ்டுகளின் வரிசையைக் கலைத்து ஓட்டும். எந்த எண்ணை வைத்துக் கலைத்தது என்பதையும் அச்சிடும், அதைக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். மதியத்துக்குள் இன்னொன்று வெளியே வந்தது. தொகையை அச்சிடும் டெஸ்ட் 1234.50 என்பதற்குப் பதில் 1.234,50 என்று கொடுக்கிறது. யாரோ லோகேலை ஜெர்மனுக்கு மாற்றியிருக்கிறார்கள். லோகேல் மொத்தப் பிராசஸுக்கும் ஒன்றுதான்; திரெட்டுக்குத் திரெட் தனித்தனியாக வைக்க பைத்தானின் செட்லோகேல் இடம் தராது. எக்ஸ்டிஸ்ட் போட்டுத் தனித்தனிப் பிராசஸாகப் பிரித்தால் இந்தச் சண்டை தீரும் என்கிறாள் அந்தப் பெண். ஒரே பிராசஸுக்குள் அடுத்தடுத்து ஓடும் டெஸ்டுகளுக்கு அது உதவாது என்று காட்டினேன். கலைத்த எண்ணை வாங்கிக்கொண்டு பாதி பாதியாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.