தலைக்கு வந்தது தொப்பியோடு போகட்டும்!



"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று பழமொழி சொல்கிறோம். பேச்சுப் போட்டியில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நம் சைக்கிள் ஸ்டாண்டைப் போய்ப் பாருங்கள். நூற்றுக்கும் மேலே சைக்கிள்கள் நிற்கின்றன. ஒன்றில் பூட்டு புதுசு, ஒன்றில் பெல் புதுசு, ஒன்றில் சக்கரக் கம்பி முழுக்கக் கலர் மணி. ஹெல்மெட்டோடு வருவது நான் ஒருத்திதான்.

இதனால் எனக்குக் கிடைத்த பட்டங்கள் ஏராளம். ராக்கெட் ராணி, தர்பூசணி, "நிலாவுக்கு எத்தனை மணிக்குப் புறப்படறே?"... இன்னும் சில இங்கே எழுத முடியாது. கோபமில்லை. ஏனென்றால் கூட்டமாக இருக்கும்போது கிண்டல் செய்தவர்களே தனியாக வந்து, "எங்கப்பா வாங்கினே? எவ்வளவு? தலை வேர்க்காதா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து இந்தக் கட்டுரை.

ஏன் போடணும்?

எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தபின் எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் கைக்கு வந்த அன்றே அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "தலைக்கு ஹெல்மெட் இருந்தாத்தான் சைக்கிள். இல்லேன்னா ஸ்பெஷல் கிளாஸே வேண்டாம், நாலரை பஸ்ஸுல வந்துரு கண்ணு."

அம்மா பயப்படுவதற்குக் காரணம் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன். இரண்டு வருஷம் முன்னே சைக்கிளில் கடைக்குப் போனார். வேகமாகக்கூடப் போகவில்லை. திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்தார், சாய்ந்து விழுந்தார். கை காலில் சிராய்ப்புகூட அதிகமில்லை. தலை மட்டும் சாக்கடைத் திண்டின் விளிம்பில் பட்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன், இப்போது டம்ளரைக் காட்டி "அது... அந்தத் தண்ணி குடிக்கிறது..." என்று வார்த்தை தேடுகிறார். அவங்க அம்மா பக்கத்தில் நின்று மெதுவாக எடுத்துக் கொடுப்பார். கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடலாம். மூளைக்கு மாவுக்கட்டு கிடையாது.

"சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சட்டமே இல்லையே?" என்று ஒருவன் கேட்டான். உண்மைதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. எனவே யாரும் நம்மை நிறுத்தி அபராதம் போடப் போவதில்லை. ஆனால் தார் ரோட்டுக்குச் சட்டம் தெரியாது. பைக்கில் வந்த தலையா, சைக்கிளில் வந்த தலையா என்று அது பார்ப்பதில்லை.

உள்ளே என்ன இருக்கு?

ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகவோ கறுப்பாகவோ கெட்டியான நுரை தெரியும். நாம் அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்கிறோமே, அதே தெர்மாகோல் இனம்தான். அதைவிட அடர்த்தியாக இருக்கும். உயிரைக் காப்பது மேலே பளபளக்கும் ஓடு அல்ல, இந்த நுரைதான். இப்படி நுரை வைத்த சைக்கிள் ஹெல்மெட்டை 1975இல் அமெரிக்காவின் பெல் கம்பெனி கொண்டு வந்தது. அதற்கு முன் பந்தய வீரர்கள் தோல் பட்டைகளைக் கோத்த தொப்பிதான் போட்டார்கள்.

தெர்மாகோல் எப்படிக் காப்பாற்றும்? நம் இயற்பியல் பாடத்தை வைத்தே கணக்குப் போட்டேன். சைக்கிளில் உட்கார்ந்தால் நம் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தலை நேராகக் கீழே விழுந்தால்:

வேகத்தின் வர்க்கம் = 2 × 9.8 × 1.5 = 29.4
வேகம் = வினாடிக்கு 5.4 மீட்டர்

அதாவது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல்! நின்ற சைக்கிளிலிருந்து விழுந்தாலே இந்த வேகம். "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

அடுத்தது நிற்கும் தூரம். வெறும் தலை தரையில் மோதினால் தோல் நசுங்கும் அளவுதான் இடம். 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் விழுந்த வேகத்தை 2 மில்லிமீட்டரில் நிறுத்தினால், தலைமேல் வரும் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப்போல 750 மடங்கு. நுரை 2 சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் நிற்கும் தூரம் பத்து மடங்கு கூடுகிறது. அதனால் முடுக்கம் பத்தில் ஒரு பங்காகி, 75 மடங்காகக் குறைகிறது. கிணற்றடியில் வீசிய தேங்காய் மண்ணில் விழுந்தால் உருளுகிறது, கல்லில் விழுந்தால் உடைகிறது. அதே கதைதான்.

ஐரோப்பாவில் விற்கும் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு ஈ.என். 1078 என்று ஒரு தரம் உண்டு. உள்ளே உலோகத் தலை ஒன்றை வைத்து, ஏறக்குறைய நான் போட்ட கணக்கின் வேகத்திலேயே தட்டையான இரும்பில் மோதவிடுகிறார்கள். முடுக்கம் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் சி.பி.எஸ்.சி. தரம். அங்கே 2 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறார்கள், எல்லை 300 மடங்கு. கடையில் ஹெல்மெட்டின் உள்பக்கம் இந்த இரண்டில் ஒன்று ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள்.

நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. ஒரு பலத்த அடி வாங்கிய ஹெல்மெட் தன் வேலையை முடித்துவிட்டது. வெளியே கீறல்தானே என்று மறுபடி போடக் கூடாது. யாரோ போட்ட பழைய ஹெல்மெட்டை வாங்குவதும் இதனால்தான் ஆபத்து. அது ஏற்கெனவே விழுந்ததா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்?

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் தலையை அளக்கணும். தையல்காரர் இஞ்ச் டேப்பை நெற்றியில், புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகச் சுற்றி அளக்கணும். டேப் இல்லையா? ஒரு நூலைச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்தால் போச்சு. என் தலை 54 சென்டிமீட்டர். ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் எத்தனை முதல் எத்தனை சென்டிமீட்டர் வரை என்று போட்டிருக்கும்.

நாங்கள் போன முதல் கடையில் ஒரு அண்ணாச்சி, "வளர்ற புள்ளைதானுங்களே, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க" என்றார். யூனிஃபார்முக்கு இது சரி. மடித்துத் தைத்து, வருஷா வருஷம் பிரித்து விடலாம். ஹெல்மெட்டுக்கு இது சரிப்படாது. தலையில் லொடலொடவென்று ஆடுகிற ஹெல்மெட், விழும்போது நெற்றியை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிவிடும். அம்மா அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அடுத்த கடையில் பொறுமையாக நாலைந்து போட்டுப் பார்க்க விட்டார்கள். எழுநூறு ரூபாய் ஆயிற்று.

போட்டுப் பார்ப்பது இப்படி: தாடைப் பட்டையை மாட்டாமலேயே தலையை இடம் வலமாக ஆட்டுங்கள். ஹெல்மெட் தனியாகச் சுற்றக் கூடாது. நெற்றித் தோலும் அதோடு சேர்ந்து அசைந்தால் அளவு சரி. பின்னாடி ஒரு திருகு இருக்கும். அதைத் திருகி இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அளவே தப்பான ஹெல்மெட்டைத் திருகு காப்பாற்றாது.

கட்டை விரலால் உள்ளே அழுத்திப் பாருங்கள். கெட்டி நுரை இருக்கணும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் அது விளையாட்டுச் சாமான். நம் வெயிலுக்குக் காற்று போகும் துளைகள் நிறைய இருப்பது நல்லது. மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை நிறங்கள் தூரத்திலேயே லாரிக்காரர் கண்ணில் படும்.

"அப்பாவோட பைக் ஹெல்மெட்டைப் போட்டா ஆகாதா?" என்றும் கேட்டார்கள். அது பைக் வேகத்துக்குச் செய்தது. பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், காதை மூடும், பெடல் மிதிக்கும்போது உள்ளே வெந்துபோகும். என் சைக்கிள் ஹெல்மெட் 300 கிராம்தான். அதோடு அப்பா தலை சைஸ் வேறு, நம் தலை சைஸ் வேறு.

மாட்டுவது எப்படி?

வாங்குவது பாதி வேலை. மாட்டுவது மீதி. மூன்று இடம் பாருங்கள்: புருவம், காது, தாடை.

புருவம்: ஹெல்மெட் தலைமேல் மட்டமாக உட்காரணும். புருவத்துக்கும் அதன் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம். கல்யாண மாப்பிள்ளை தலைப்பாகை மாதிரி பின்னாடி சாய்த்தால் நெற்றி வெளியே நிற்கும். முதலில் அடிபடுவது அதுதான்.

காது: இரண்டு பக்கமும் முன்பட்டையும் பின்பட்டையும் காது மடலுக்குச் சற்றுக் கீழே கூடணும். கவண் கட்டையின் கவட்டை மாதிரி காதுக்கு இருபக்கமும் வரணும்.

தாடை: கொக்கியை மாட்டியபின் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒன்று அல்லது இரண்டு விரல்தான் நுழையணும். பிறகு வாயை 'ஆ' என்று பெரிதாகத் திறங்கள். ஹெல்மெட் உச்சந்தலையை லேசாக அமுக்கினால் சரி. கடைசியாக, முன் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளிப் பாருங்கள். நெற்றி தெரிகிற அளவு நகர்ந்தால் மறுபடி இறுக்குங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னாடியே தனியாகப் பறந்துவிடும்.

மாணவிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் இரட்டைச் சடையைக் காதுக்குப் பக்கத்தில் மடித்து ரிப்பன் கட்டினால் பட்டை சரியாக உட்காராது. நான் சடையைப் பின்னி அப்படியே தொங்கவிட்டு வருகிறேன். பள்ளிக்கு வந்து மடித்துக் கட்ட இரண்டு நிமிஷம். உச்சிக் கொண்டை, பெரிய கிளிப், மல்லிகைச் சரம் எல்லாம் இறங்கியபின்தான். தலையில் துணி அணிகிற தோழிகள் மெல்லிய துணியை மடிப்பில்லாமல் இழுத்துவிட்டு, ஊசி உள்ளே வராமல் பார்த்து, திருகை மறுபடி சரிசெய்து மாட்டலாம். பையன்கள் கிரிக்கெட் தொப்பியின் மேலே ஹெல்மெட் மாட்டக் கூடாது.

வேர்க்கிறதா என்று கேட்டால், ஆமாம், வேர்க்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டைகளைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீரில் அலசிப் போடுகிறேன். அவ்வளவுதான். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் மட்டும் கிட்டே வரக் கூடாது. ஒரு துண்டு தெர்மாகோலில் நெயில் பாலிஷ் அழிப்பானை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கரைந்து குழி விழும். அதனால் பெயின்ட் அடித்து அழகுபடுத்துவதும் வேண்டாம்.

கிண்டல் எங்கேயும் உண்டு

உலகப் பந்தய வீரர்களே முதலில் இதை விரும்பவில்லை. 1991இல் சர்வதேச சைக்கிள் சங்கம் கட்டாயமாக்கப் பார்த்தபோது வீரர்கள் எதிர்த்து நின்றார்கள். சங்கம் பின்வாங்கியது. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் விழுந்தார். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. தலைக்காயத்தால் மறுநாள் இறந்துபோனார். அந்த ஆண்டே விதி வந்தது. இன்று டூர் டி பிரான்ஸில் ஹெல்மெட் இல்லாத தலை ஒன்றுகூடக் கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையிலேயே சாதாரண சைக்கிள்காரர்களுக்கும் சட்டம் போட்டுவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். ஹெல்மெட் நம்மை விழாமல் தடுக்காது, லாரியை நிறுத்தாது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால், மூணு பேர் ஏறினால், பஸ்ஸின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் ஹெல்மெட் பாவம், என்ன செய்யும்? இடப்பக்கம் ஒழுங்காகப் போவதும், இருட்டினால் விளக்கு வைப்பதும் நம் வேலை. அத்தனையும் செய்தபிறகும் குறுக்கே ஒரு நாய் ஓடிவருமே, அந்த ஒரு நொடிக்குத்தான் ஹெல்மெட்.

தலைமையாசிரியை அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டினால் சைக்கிள்கள் சரிந்து விழும்போது அடிபடுகிறது. வகுப்பில் மேஜை மேலே வைத்தால் இடத்தை அடைக்கிறது. ஒவ்வொரு வகுப்பின் பின்சுவரிலும் நாலு கொக்கி அடித்துக் கொடுத்தால் போதும். முதலில் காலியாகத்தான் தொங்கும், பரவாயில்லை.

நண்பர்களே, வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்குப்பின் வேப்பமரத்தடியில் இஞ்ச் டேப்போடு இருப்பேன். தலை அளந்து சீட்டில் எழுதித் தருகிறேன். வீட்டில் காட்டுங்கள். அளப்பதற்குக் காசு இல்லை, கிண்டலுக்கும் தடை இல்லை. தலையை மட்டும் மறக்காமல் கொண்டு வாங்க!

— பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி