4.9 ஸ்டாரும் கொல்லிமலையின் 70 வளைவுகளும்

சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையில் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டிப் போனால், ஒரு மணி நேரத்தில் நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டுவிடும்.

வார இறுதியில் பெங்களூரிலிருந்து இந்தச் சாலையில் ஊர் திரும்பும் கார்கள் சிலவற்றில், முன்பின் தெரியாத நான்கு பேர் ஒன்றாக வருவார்கள். காலியாக இருக்கும் சீட்டைக் கொடுத்து பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இதை நடத்தும் பிரெஞ்சு நிறுவனமான 'பிளாபிளாகார்' இந்தியாவுக்கு வந்தது 2015-ல். இன்னொரு பக்கம், ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் யாரோ ஒருவரின் வீட்டு அறையையோ, தோட்டத்து வீட்டையோ போனிலேயே பிடித்துவிடலாம்.

இரண்டுக்கும் நம்பி ஏறுவது எதை வைத்து? பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாரை வைத்துத்தான்.

ஸ்டார் வாங்கியது எந்த ரோட்டில்?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக காரவள்ளி அடிவாரத்துக்குப் போனால், அங்கிருந்து கொல்லிமலை ஏறத் தொடங்கலாம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவருக்கு 4.9 ஸ்டார் இருக்கலாம். ஆனால் அது எங்கே வாங்கியது? பெங்களூரு டிராஃபிக்கில் பொறுமையாக ஓட்டியதற்கும், நேரத்துக்கு வந்ததற்கும், இனிமையாகப் பேசியதற்கும் கிடைத்த ஸ்டாராக இருக்கலாம். எதிரே பஸ் வரும்போது வளைவில் எங்கே ஒதுங்க வேண்டும், இறங்கும்போது எந்த கியரில் வர வேண்டும் என்பது அந்த எண்ணில் தெரியாது. 'மலை ரோட்டில் ஓட்டிப் பழக்கம் உண்டா?' என்ற ஒரு கேள்வி, குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு 4.9-ஐவிட உதவும்.

எல்லோருமே நல்லவர்களா?

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் உலகம் முழுக்க 'ஏர்பிஎன்பி' தளத்தில் இருந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 95 சதவிகித வீடுகளுக்கு நாலரை அல்லது 5 ஸ்டார். மூன்றரைக்குக் கீழே இருந்தவை மிக மிகக் குறைவு. ஆனால் 'டிரிப்அட்வைசர்' தளத்தில் ஹோட்டல்களின் சராசரி 3.8 மட்டுமே.

வீடுகள் எல்லாம் ஹோட்டல்களைவிட அவ்வளவு உசத்தியா? காரணத்தில் கொஞ்சம் தயவு தாட்சண்யமும் இருக்கிறது. ஹோட்டலில் குறை இருந்தால் கூசாமல் எழுதிவிடுவோம். வீட்டுக்கார அம்மா கையால் காபி போட்டுக் கொடுத்து, கிளம்பும்போது பையில் நாலு மலை வாழைப்பழமும் வைத்து அனுப்பினால், பாத்ரூமில் தண்ணீர் வராததை எழுத மனசு வருமா? நாம் குறை சொன்னால் அவர்களும் நம்மைப் பற்றி ஏதாவது எழுதிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால்தான் 2014-ல் ஏர்பிஎன்பி ஒரு மாற்றம் செய்தது. இரண்டு தரப்பும் எழுதி முடித்த பிறகோ, 14 நாள் கெடு முடிந்த பிறகோதான் விமர்சனங்கள் வெளியே தெரியும்.

இது தாட்சண்யத்தால் ஏறும் ஸ்டார். வேண்டுமென்றே ஏற்றுகிற ஸ்டாரும் உண்டு. 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர், தான் குடியிருந்த தோட்டத்து ஷெட்டை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். ஷேவிங் க்ரீமை வைத்து 'உணவு'ப் படங்கள் எடுத்தார். நண்பர்கள் விமர்சனம் எழுதினார்கள். ஒரு தட்டு சாப்பாடுகூடப் பரிமாறாமல், லண்டனின் நம்பர் 1 உணவகமானது அந்த ஷெட்!

லாரி ஊரின் ரேட்டிங்

நாமக்கல்லுக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. லாரிக்கும் பாடி கட்டுவதற்கும் பேர் போன ஊர். லட்சக்கணக்கான ரூபாய் சரக்கை, வடக்கே போகும் ஒரு லாரியில் ஏற்றிவிடுவது புக்கிங் ஆபீஸ்காரரின் வாக்கை நம்பித்தான். வாக்கு தவறினால் அடுத்த லோடு கிடைக்காது.

'லாரி வரிசையாக நிற்கிற ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதும் ஒரு ரேட்டிங்தான். அதே வழியில் திரும்பத் திரும்பப் போகிறவர், சொந்தக் காசு கொடுத்துச் சாப்பிட்டுத் தருகிற ரேட்டிங். இதைப் பொய்யாக உருவாக்கச் செலவு அதிகம். ஆனால் சுற்றுலா வருகிறவர் ஒருமுறைதான் வருகிறார். அவரை ஏமாற்றினாலும் நஷ்டமில்லை என்று ஒருவர் நினைக்கக்கூடும். அங்கேதான் முந்தைய விருந்தினர் எழுதிவைத்த நாலு வரி கைகொடுக்கிறது.

பார்க்க வேண்டியது என்ன?

சராசரியை விட்டுவிட்டு, கடைசி மூன்று மாத விமர்சனங்களைப் படியுங்கள். 3 ஸ்டார் கொடுத்தவர்களை முதலில் படியுங்கள். நல்லதையும் கெட்டதையும் அவர்கள்தான் சேர்த்துச் சொல்வார்கள். ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வாசகங்கள் வரிசையாக இருந்தால் உஷார். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்., ஆன்லைன் விமர்சனங்களை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்று ஐ.எஸ். 19000 என்ற தரத்தை 2022 நவம்பரில் கொண்டுவந்தது. ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

எழுதுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. மலையில் சிக்னல் இல்லை, மழையில் கரன்ட் போனது என்று வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்டார் கொடுப்பது நியாயமில்லை. நாலைந்து விமர்சனம் மட்டுமே உள்ள சின்ன வீட்டுக்கு, அந்த ஒரு ஸ்டார் சராசரியையே கவிழ்த்துவிடும். அடுத்த சீசனின் வருமானம் அதில் இருக்கிறது.

கொல்லிமலைக்குப் புகழுரை எழுதுவது புதிதும் இல்லை. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். செம்மேட்டில் அவனுக்குச் சிலை நிற்கிறது. ஓரியிடம் பரிசு வாங்கிய புலவர்கள் ஓரியைப் புகழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும்!

ஆகாய கங்கை அருவிக்கு 'சூப்பர், மிஸ் பண்ணாதீங்க' என்று 5 ஸ்டார் கொடுக்க ஒரு நொடி போதும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், திரும்ப ஏறவும் வேண்டும், முட்டிவலி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதினால், அடுத்து வரும் குடும்பத்தின் பாட்டி நிம்மதியாகக் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார்.