அந்திச் சோறு

பசி, விதி எழுதிய எழுத்தன்று. முற்பிறவி தந்த முடிச்சுமன்று. கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும் ஒன்றுதான் அது. அந்தக் கணக்கைச் சென்னையின் விளிம்பிலே, ஓர் அடுப்பின் அருகே நின்று நாம் போட்டுப் பார்த்து வருகிறோம்.

கூவக் கரையிலும் நகரின் நடுவிலும் குடிசையிட்டு வாழ்ந்தோரைப் பெயர்த்து, கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களிலே குடியமர்த்தினர். வீடு இடம் மாறிற்று. வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது! வீட்டுவேலைக்குச் செல்லும் தாய், விடியுமுன் பேருந்து ஏறுகிறாள். இருட்டிய பின் இறங்குகிறாள். அத்தகைய குடியிருப்பு ஒன்றில்தான், தோழர்கள் பதினொருவர் கூடி, மாலைதோறும் உலை வைக்கிறோம். நம்மிலே கல்லூரி மாணவர் உண்டு, மின்பணியாளர் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியை உண்டு. ஊதியம் எவர்க்கும் இல்லை.

"விலையில்லா அரிசி வழங்கும் மாநிலத்தில் இதற்கென்ன தேவை?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தக்க கேள்விதான். 2011 முதல் நியாயவிலைக் கடையிலே அரிசி விலையின்றிக் கிடைக்கிறது, மறுப்பாரில்லை. ஆனால், அரிசி சோறாக அடுப்பு எரிய வேண்டும்; எரிவாயு உருளைக்குப் பணம் வேண்டும். சோறு உணவாகக் காயும் பருப்பும் வேண்டும். குறைந்த விலையில் கிடைக்கும் மாதம் ஒரு கிலோ பருப்பு, மாதக் கடைசிவரை வாராது. அனைத்தும் இருந்தாலும், சமைப்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் பேருந்து விழுங்கிவிடுகிறதே!

பள்ளியிலே உணவு உண்டு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதனைத் தொடங்கியது. 1956-இல் காமராசர் அதனை மாநிலத்திற்கு உரியதாக்கினார். 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவும் வந்தது. காலைக்கு வழி பிறந்தது. நண்பகலுக்கு வழி பிறந்தது. நாலு மணிக்கு மணியடித்து வீடு திரும்பும் பிள்ளையின் எதிரே நிற்பதோ பூட்டிய கதவு! தாய் வரும்வரை அந்தப் பிள்ளைக்கு யார்? அந்த இடைவெளியிலேதான் நம் அடுப்பு எரிகிறது.

'யார் சமைத்தது?' என்று கேட்ட வீட்டார் உண்டு. "பெயரைச் சொல்கிறோம்; சாதியைச் சொல்லமாட்டோம்" என்றோம். சின்னாட்கள் அவர்கள் வரவில்லை. பிள்ளைகள் வந்தனர், ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். பின்னர்ப் பெற்றோரும் வந்தனர்.

செல்வர் ஒருவர் இருபது மூட்டை அரிசியோடு வந்தார். "வாங்குவோர் ஒவ்வொருவராக என்னருகே நிற்கட்டும், படம் எடுத்துக்கொள்வோம்" என்றார். நமக்குள்ளே விவாதம் மூண்டது. 'இருபது மூட்டை என்றால் எத்தனை மாலைகள்! படத்தினால் என்ன கெட்டுவிடும்?' என்றார் ஒரு தோழர். எளிதிலே ஒதுக்கத்தக்க வாதமன்று அது. வரிசையில் நின்ற ஒரு தாய் விடை சொன்னார்: "என் பொண்ணு பத்தாவது படிக்குது, தம்பி. அந்தப் படத்த பள்ளிக்கூடத்துல யாராச்சும் பார்த்துட்டாங்கன்னா, அவ பசியோட படுத்தாலும் படுப்பா, இங்க வரமாட்டா."

அத்துடன் விவாதம் முடிந்தது. அரிசி மூட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பின. அடுத்த மூன்று மாலை, குழம்பு இல்லை, கஞ்சிதான். நான்காம் நாள், பெண்கள் தத்தம் பங்கு அரிசியிலிருந்து ஆளுக்கொரு படி கொண்டுவந்து கொட்டினர். வரிசையில் நின்றவர்கள் அடுப்பருகே வந்தனர். இன்று ஞாயிறுதோறும் சமைப்பது அவர்கள், பரிமாறுவது நாம். வரவும் செலவும் கரும்பலகையிலே, எவரும் படிக்க எழுதப்படுகின்றன.

தானம் என்னும் சொல்லிலே கொடுப்பவன் மேலே, கொள்பவன் கீழே. புண்ணியம் தேடுவோனுக்கு ஏழை என்றென்றும் இருந்தாக வேண்டும். இல்லையேல், யாருக்குக் கொடுத்து அவன் மேலுலகம் போவது? நமக்கோ, ஏழை என்றொருவன் இல்லாமற் போக வேண்டும். அவன் படியேறுவதற்காகச் சோறிடுகிறோம். நாம் படியேறுவதற்காக அன்று.

அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில், 1969 சனவரியில், கருஞ்சிறுத்தைக் கட்சி இளைஞர்கள் ஒரு தேவாலயக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவு சமைத்தனர். அந்த முயற்சி பல நகரங்களுக்குப் பரவிற்று. அந்நாட்டு அரசு 1966-இல் சோதனையாகத் தொடங்கியிருந்த பள்ளிக் காலையுணவுத் திட்டம், 1975-இல் நிலையான திட்டமாயிற்று. அதற்காக ஒலித்த குரல்களிலே அந்த இளைஞர்களின் அகப்பை ஒலியும் ஒன்று. தொண்டர் சமைப்பது ஒரு தெருவின் பசியாற்றும். உரிமை என்று சட்டம் சமைத்தால்தான் ஊரின் பசி ஆறும்.

ஆகவே தோழர்களே, எங்கள் அடுப்புக்கு விறகு தேடி வாருங்கள் என்று மட்டும் அழைக்கவில்லை. உங்கள் தெருவிலே நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே எத்தனை கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை பிள்ளைகள் படியிலே அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எண்ணியதை எழுதுங்கள். எழுதியதை மன்ற உறுப்பினர் முன்னும் சட்டமன்ற உறுப்பினர் முன்னும் வையுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். அதுவரை, அகப்பையைக் கீழே வைக்காதீர்கள்!