பின்சில்லுக்கு 40 கம்பி

முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. வாய்பாடு மனப்பாடமாவதற்கு முன்பே எனக்கு இந்தக் கணக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயா முற்றத்தில் சைக்கிள் துடைப்பார். கம்பிகள் என் பங்கு. பழைய சாரத் துண்டில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக எண்ணி எண்ணித் துடைக்க வேண்டும். பின்னுக்கு மட்டும் ஏன் எட்டுக் கம்பி கூட என்று கேட்டேன். "ஆளின்ர பாரமும் அதிலதான், உழக்கிற பலமும் அதிலதான்" என்றார். பழைய இங்கிலாந்துச் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றுக்கு இதே கணக்குத்தான் என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன்.

அது றலி. நொட்டிங்ஹாம் நகரத்து றலி வீதியில் 1880களில் சிறு பட்டறையாகத் தொடங்கி, பிராங்க் பௌடன் என்பவர் கையில் வளர்ந்து, கடல் கடந்து பல நாடுகளுக்கும் போன சைக்கிள். ஐயா முதல் நியமனம் கிடைத்துப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய 1959இல், தவணைக் காசு கட்டி அதை வாங்கினார். 24 அங்குல பிறேம், கறுப்புப் பூச்சு, அதன் ஓரமாகத் தலைமயிர் அளவில் பொன்னிறக் கோடு. பிறேக்குக்கு வயர் கிடையாது. காண்டிலிலிருந்து சில்லு வரை கம்பித்தண்டுதான். பெடலோடு சுற்றும் பல்லுச்சக்கரத்தில் மூன்று கொக்குத் தலைகளை வெட்டியிருப்பார்கள். கொக்குத்தான் றலியின் சின்னம். ஐயா என்னைப் பாரில் ஏற்றிக்கொண்டு போகும்போது குனிந்து பார்ப்பேன். மெல்ல உழக்கினால் மூன்று கொக்குகளும் தனித்தனியே தெரியும். வேகம் பிடித்தால் ஒரே வெள்ளி வளையம்.

ஊரில் இன்னொரு வாத்தியாரிடம் ஹம்பர் இருந்தது. ஹம்பரைத் தூரத்திலேயே அடையாளம் பிடிக்கலாம். முன்போக்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய்கள் இருக்கும். வாசிகசாலை வாங்கில் இருந்துகொண்டு றலியா ஹம்பரா என்று இருவரும் மணிக்கணக்காக வாதிடுவார்கள். ஹம்பர் சைக்கிளை 1932இலேயே றலிக் கம்பனி வாங்கிவிட்டது. ரட்ஜ் என்ற இன்னொரு சைக்கிளும் 1943இல் அதே கைக்குப் போனது. அந்த வாதத்தின் இரண்டு பக்கமும் நொட்டிங்ஹாமிலிருந்துதான் கப்பலேறி வந்தன. ஐயாவுக்கு இது தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன். தெரிந்திருந்தாலும் வாதத்தை விட்டிருக்கமாட்டார். சைக்கிளைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வந்த மலர்ச்சி வேறு எதைப் பேசும்போதும் வந்ததில்லை.

1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பெற்றோல் நின்றது, கார்கள் கொட்டில்களுக்குள் முடங்கின. தெருவெல்லாம் சைக்கிள். வைத்தியர் சைக்கிளில் வந்தார், பெண் மாப்பிள்ளை சைக்கிளில் போனார்கள், தென்மராட்சியிலிருந்து விறகு ஆளுயரத்துக்கு அடுக்கிச் சைக்கிளில் வந்தது. பழைய சைக்கிளை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பொன்போல வைத்துக்கொண்டார்கள். வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடினார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி அதன் வெளிச்சத்தில் நாங்கள் படித்தோம்.

பற்றரி கிடையாது. வானொலிக்கு என்ன செய்வது? அங்கேயும் றலிதான் வந்து நின்றது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின்ரயரில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற், அதுவும் மாறுமின்னோட்டம். அப்படியே வானொலிக்குக் கொடுத்தால் இரைச்சல்தான் கேட்கும். நான்கு டயோட்டுகளும் ஒரு கொள்ளளவியும் சேர்த்து அதை நேராக்கித் தந்தவர் ஐயாவிடம் படித்த ஒரு மாணவர். 28 அங்குலச் சில்லுக்குப் பாரம் கூட. ஒருமுறை வேகம் எடுத்தால் சீராகச் சுற்றும். சுற்றும் முறை எனக்கும் தங்கைக்கும். எங்கள் கை தளர்ந்தால் பீபீசி தமிழோசையின் குரலும் தளரும். "சுத்து, சுத்து" என்று நாலு வீட்டுப் பெரியவர்களும் ஒரே குரலில் சொல்வார்கள். உலகம் எங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அந்தப் பின்சில்லுத்தான் சொல்லித் தந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு அதே பின்சில்லில் இரண்டு கம்பிகள் அறுந்தன.

போரினால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து எழும்பி நடந்த இரவு அது. செம்மணி வீதியாலும் கண்டி வீதியாலும் வந்த இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தில் ஒன்றாகி நெரிந்தது. மழை. யாராலும் சைக்கிள் ஓட முடியவில்லை, உருட்டத்தான் இடம். எங்கள் றலியின் கரியரில் அப்பாச்சி இருந்தார். பாரில் அரிசி மூட்டை, காண்டிலில் ஒரு பக்கம் தண்ணீர்க் கான், மறுபக்கம் ஐயாவின் சான்றிதழ்ப் பெட்டி. ஐயா காண்டிலைப் பிடிக்க, அம்மா அப்பாச்சியைப் பிடிக்க, நான் சீற்றுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். பாலத்துக்கு இப்பால் ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கியபோது 'டிங்' என்று ஒரு சத்தம், கொஞ்சத்தில் இன்னொன்று. ஐயா இருட்டுக்குள் கையால் தடவிப் பார்த்தார். "நாப்பதில ரெண்டுதானே போச்சு" என்றார். விடியும்வரைக்கும் மீதி 38 கம்பிகளும் அப்பாச்சியைச் சுமந்தன.

தென்மராட்சி மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் வீட்டின் பாதியை எங்களுக்கு விட்டது. மாவும் பலாவும் நிறைந்த வளவு. அந்த வீட்டு அப்பு வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. பொங்கல் கழிந்து, கிளாலியால் வன்னிக்குப் போய் அங்கிருந்து கொழும்புக்குப் போவதென்று முடிவானது. கிளாலிக் கடலில் இருளில்தான் வள்ளம் ஓடும். சைக்கிளையும் ஏற்றலாம். ஐயா ஏற்றவில்லை. புறப்படும் அன்று அதைத் துடைத்து, மாட்டுக்கொட்டிலில் சாத்தி, "அண்ணை, இது இஞ்சயே நிக்கட்டும்" என்றார். அப்பு, "நீங்கள் வரும்வரைக்கும் நிக்கும்" என்றார். கொடுத்தவர் கொடுத்ததாகச் சொல்லவில்லை, வாங்கியவர் வாங்கியதாகச் சொல்லவில்லை. இரண்டு பேரின் பெருந்தன்மையும் எனக்கு விளங்கக் காலம் எடுத்தது.

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் ஐயா ஓய்வுக்காலத்தைக் கழித்தார். ஒவ்வொரு வருடமும் புது நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம் எழுதுவார். அதற்குக் கீழே றலியின் பிறேம் இலக்கம். கையில் இல்லாத சைக்கிளின் இலக்கத்தை எதற்கு எழுதுகிறார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் அவர் மீசாலைக்குப் போனார். தென்மராட்சி 2000ஆம் ஆண்டுச் சண்டையில் நொருங்கிப்போயிருந்தது. அந்த வீட்டுக்குக் கூரை இல்லை, ஆட்களும் இல்லை. திரும்பி வந்து, "மாமரம் நிக்குது" என்று மட்டும் சொன்னார். 2006இல் பாதை மறுபடியும் மூடியது. அது மீண்டும் திறந்தபோது அவர் இல்லை.

பிறகு ஒரு கலியாண வீட்டில் யாரோ சொன்னார்கள், அந்தக் குடும்பம் மீசாலைக்கே திரும்பி வந்துவிட்டதென்று. யாழ்தேவியில் கொடிகாமத்தில் இறங்கிப் போனேன். அப்பு போய்விட்டார். அவர் மகள், நாங்கள் இருந்த காலத்தில் எனக்குக் கணிதம் சொல்லித் தந்த அக்கா, வாசலில் என்னைப் பார்த்த உடனே, "உங்கட ஐயான்ர சைக்கிள் நிக்குது தம்பி. நாங்கள் விக்கேல்லை" என்றார். நான் இன்னும் கதிரையில் இருக்கவில்லை.

கொட்டில் வளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். இறக்கியபோது எனக்கு அது தெரிந்த சைக்கிளாகவே இல்லை. தோல் சீற் போய் ரெக்சின் சீற் வந்திருந்தது. டைனமோ இல்லை. கரியரில் இரண்டு பக்கமும் கட்டிட இரும்புக் கம்பி வளைத்து ஒட்டியிருந்தது. செயின்கவரில் வெள்ளைப் பெயின்ற்றால் அப்புவின் முதலெழுத்து. சீற் குழாயும் பாரும் சேரும் மூட்டில் மண்ணைச் சுரண்டினேன். இலக்கம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஐயாவின் கடைசி நாட்குறிப்பு என் பைக்குள் இருந்தது. ஆனால் எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

கொடிகாமத்தில் பழைய ஆள் ஒருவரின் சைக்கிள் கடை இருக்கிறது. கழுவிப் பூட்ட வேண்டும் என்றதும் அவர் பிறேமைத் தட்டிப் பார்த்தார். "றலி. இதுக்கு அவசரப்படக் கூடாது தம்பி" என்றார். பெடல் தண்டை அச்சோடு பூட்டும் கொட்டர்பின்னை இரவு முழுக்க எண்ணெயில் ஊறவிட்டு, காலையில் பெடல் தண்டுக்குக் கீழே இரும்புக் குழாய் முண்டு கொடுத்து ஒரே அடி. அப்படி முண்டு கொடுக்காமல் அடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் உள்ளே அச்சைத் தாங்கும் போல்சிலும் கப்பிலும் போய் இறங்கும் என்றார். கப்பைக் கழற்றியபோது ஒரு தகரத் துண்டு சுருளாக வெளியே வந்தது. அதைப் பார்த்துத் தலையாட்டினார். மற்றக் கம்பனிகள் அங்குலத்துக்கு 24 புரி வெட்டும்போது றலி 26 வெட்டியது. சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கப் இதற்குள் பிடிக்காது. யாரோ வேறு வழியில்லாமல் தகரம் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். கொட்டர்பின்னும் அப்படித்தான், மற்றவற்றுக்கு 9 மில்லிமீற்றர் என்றால் இதற்கு ஒன்பதரை. ஒரு பழைய றலியின் மூலக் கப்பைத் தேடி எடுத்துப் பூட்டினார். உள்ளே பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் போல்ஸ், நிறையக் கிறீஸ். கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சத்தமே இல்லாமல் ஓடுவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்சில்லை எடுத்ததும் நான் எண்ணத் தொடங்கினேன். 40 இருந்தது. அதில் இரண்டு மற்றதை விடத் தடித்தவை. நாவற்குழியில் போன இரண்டின் இடத்தில் அப்பு போட்டவை. அந்த இரண்டும் கிடக்கும்வரை நெளிவு சரியாக எடுபடாது என்றார் கடைக்காரர். மனமில்லாமல்தான் சம்மதித்தேன். ஆளைச் சுமக்கிற உறுப்பு சரியாக இருக்க வேண்டும். அங்கே நினைவுக்கு இடம் கொடுக்க முடியாது. கப்பும் அப்படி, கம்பியும் அப்படி, பிறேக் கட்டையும் அப்படி.

பெயின்ற் விடயத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. முழுவதும் சுரண்டிப் புதுக் கறுப்பு அடித்து, பொன் கோடு இழுத்து, கடையிலிருந்து இறங்கிய நாள்போல ஆக்கித் தருகிறேன் என்றார். கரியரில் ஒட்டிய இரும்பை அறுத்தெறியச் சொன்னார். அவர் தன் தொழிலில் கொண்ட பற்றால் சொன்னார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த நாளுக்குத் திருப்புவது? 1959க்கா? அந்தச் சைக்கிளை நான் கண்டதில்லை. 1995க்கா? எங்களிடம் அது 37 வருடம் இருந்தது. பிறகு இருந்த வருடங்கள் யாருடையவை?

கரியர் இரும்பைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். 2000இல் ஷெல் விழத் தொடங்கியபோது அப்புவால் நடக்க முடியவில்லையாம். கதிரையின் கால்களை அறுத்துக் கரியரில் வைத்துக் கட்ட, அது சரியாமலிருக்க இரண்டு பக்கமும் இந்த இரும்பை ஒட்டினார்களாம். "வடமராட்சி மட்டும் அப்பாவை இதில வைச்சுத்தான் உருட்டிக்கொண்டு போனனாங்கள்" என்றார். பிறகு அதே இரும்பில் தேங்காய்ச் சாக்கைக் கட்டிச் சந்தைக்கு ஓடி, அக்காவின் மகன் படித்தார். எங்கள் அப்பாச்சி இருந்த அதே கரியர். அந்த இரும்பை அறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. சாதாரண மெக்கானிக் ஒருவர் ஒட்டிய அந்த ஒட்டு, நொட்டிங்ஹாமில் போட்ட எந்த ஒட்டுக்கும் குறைந்ததில்லை. துருவை மட்டும் தேய்த்து எடுத்து, எண்ணெய் பூசச் சொன்னேன். செயின்கவரில் அப்புவின் முதலெழுத்து அப்படியே இருக்கிறது. கவருக்குக் கீழ்ப்பக்கம் மண் படிந்த இடத்தில், வெயில் படாமல், ஒரு சாண் நீளத்துக்குப் பழைய பொன் கோடும் இருக்கிறது. கொக்குகளில் நிக்கல் உரிந்துவிட்டது; ஆனாலும் மூன்றும் உண்டு.

சைக்கிளைக் கொழும்புக்கு எடுத்துப்போகச் சொல்லி அக்கா வற்புறுத்தினார். நான் மீசாலையிலேயே விட்டேன். அக்காவின் மகன் ஓடுகிறார். சைக்கிளை ஓடாமல் வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்று ஐயா சொல்வதை அக்காவுக்குச் சொன்னேன். அப்புவும் அதையே சொல்வார் என்றார்.

இப்போது எனக்கு ஒரே கவலை பின்ரயர். 28க்கு ஒன்றரை, றலி அளவு. கடைக்காரர் போட்டுத் தந்தது அளவுக்குச் சரி, ஆனால் ஓரம் மெல்லியது, பாரம் ஏற்றினால் விளிம்பில் வெடிப்புக் காண்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்தியத் தயாரிப்பு ஒன்று வந்திருப்பதாகவும் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார். ஓகஸ்ற் விடுமுறைக்கு என் மகளும் வருகிறாள். நாவற்குழிப் பாலம் வரை தானே உழக்கிப்போக வேண்டுமாம்; கரியரில் என்னை ஏற்றுவாளாம். அதற்குள் ரயர் வந்துவிட வேண்டும்.