காசும் கேஷும், பனியனும் ஆலமரமும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம், கடைசி பெஞ்ச் கோஷ்டிக்குத் தெரிந்திருக்கும். இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரோடு சாப்பிடும்போது, "உங்க கேஷ் எங்க தமிழ்க் காசுதான்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் போனிலேயே அகராதியைத் திறந்து, "இல்லை, பிரெஞ்சு" என்று காட்டிவிட்டாராம்.

"அப்போ கட்டுமரம், மிளகுத்தண்ணி எல்லாமே கதைதானுங்களா சார்?" என்று கேட்டபோது குரலே இறங்கிவிட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேஷ் பற்றிய அந்த ஃபார்வர்டு நம் குடும்ப குரூப்பிலும் அடிக்கடி சுற்றுகிறது.

கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் சந்தேகமில்லாமல் நம்முடையவை. கேஷ் விஷயத்தில் இரண்டு பேருமே பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, பிறப்பு மட்டும் வேறு. கடையில் "கேஷா, கார்டா?" என்கிறார்களே, அது பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் பணப்பெட்டிக்குப் பெயர், பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கே பெயர்.

இன்னொரு கேஷ் நம் காசு. போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1803இல் இங்கிலாந்தில் அடித்து மதராஸுக்கு அனுப்பிய செப்பு நாணயத்தில் "20 கேஷ்" என்றே பொறித்திருந்தார்கள். சீனாவில் நடுவில் ஓட்டை போட்ட நாணயத்துக்கும் இதே பெயரை வைத்தார்கள். நம் காசு சீனா வரை போய் வந்திருக்கிறது! இது போதாதென்று பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் நம் பிள்ளை என்று சொல்ல வேண்டுமா?

இந்தக் காசுக் கதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இருக்கிறது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

இதற்கு நேர் எதிரானது நம் ஊருக்குச் சோறு போடும் பனியன். ஆங்கிலத்தில் ஆலமரத்துக்கும் அதே பெயர்தான், எழுதும்போது நடுவில் ஓர் எழுத்து மாறும், அவ்வளவே. மரத்துக்கும் உள்சட்டைக்கும் என்ன உறவு என்று தோன்றும். உறவு உண்டு. குஜராத்தி வியாபாரிகளை ஐரோப்பியர் "பனியன்" என்று அழைத்தார்கள். நம் வணிகர், வாணிகம் எல்லாம் அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்கள். பாரசீகக் கரையில் கோம்ப்ரூன், இன்றைய பந்தர் அப்பாஸ், என்ற துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் இந்த வியாபாரிகள் கோயில் கட்டியிருந்தார்கள். "பனியன்களின் மரம்" என்று அதற்குப் பெயர் விழுந்து, பிறகு எல்லா ஆலமரத்துக்கும் பரவியது. அவர்கள் போட்டிருந்த மாதிரியான தளர்ந்த உடுப்புக்கும் அதே பெயர். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் அணிந்த நீள அங்கி பனியன்தான். இங்கே அது சுருங்கி உள்சட்டை ஆகிவிட்டது.

நிட்டிங்கில் ஓடும் சிங்கிள் ஜெர்சி துணியும், அவிநாசிப் பக்கம் தொழுவத்தில் நிற்கும் ஜெர்சி மாடும் அப்படித்தான். இரண்டுக்கும் பிரான்சுக் கரையோரம் இருக்கும் ஜெர்சி தீவுதான் தாய்வீடு. கம்பளிப் பின்னலுக்கும் மாட்டுக்கும் பேர் போன தீவு அது.

ஆனால் 30 கவுண்ட் நூலுக்கும் கவுண்ட் டிராகுலாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நூலின் கவுண்ட் வெறும் எண்ணிக்கை, ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பது. பிரபுவின் கவுண்ட், கூட வருபவர் என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது.

கட்டிங் டேபிளிலும் செக்கிங்கிலும் இப்படி இரட்டைச் சொற்கள் இன்னும் நிறைய காதில் விழும். கிடைத்ததைக் கீழே எழுதுங்கள். எழுதும் முன் ஒரு தடவை அகராதியைப் பார்த்துவிடுங்கள் கண்ணுகளா, இப்போது அது பையிலேயே இருக்கிறதே.