கடவுள் தந்த சொத்து



காணி, வீடு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் நாம் இங்கு வந்தோம். ஆனால் திரிம்பாக்கிலும் கடவுள் நமக்கு ஒரு சொத்துத் தந்திருக்கிறார். நம்மோடு சேர்ந்து செபிக்கும் விசுவாசிகளே அந்தச் சொத்து.

தொழிற்சாலையில் ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. ஆளை ஆள் காண்பதே அரிது. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் மொழிபெயர்க்க வருபவர்களும், ஊரில் செத்தவீடு என்று கேள்விப்பட்டதும் ஓடிவந்து கூட இருப்பவர்களும் இவர்கள்தான்.

புனித பவுல் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு நிருபம் எழுதினார். அந்த விசுவாசிகளை நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லியே அதைத் தொடங்குகிறார். கையில் ஒன்றும் இல்லாத கைதிக்கு அவர்களே செல்வம்.

கொடையை நாம் தெரிவு செய்வதில்லை, கொடுப்பவரே தெரிவு செய்கிறார். அப்படியிருக்க, எந்த ஊர், எந்தச் சபை, எந்தப் பகுதி ஆள் என்று நாம் ஏன் துருவ வேண்டும்? 1990களில் மடு மாதா கோயில் வளவில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் இருந்தார்கள். வேதக்காரரும் சைவரும் அங்கே ஒன்றாகவே இருந்தார்கள். இங்கே நமது சொலத்தூண் மாநிலத்தில் உள்ள மரியஸ்ரைன் மாதாவிடம் தமிழர் யாத்திரை போகும்போதும் சைவ உறவுகள் கூட வருகிறார்கள்.

மனத்தாங்கலால் செபத்துக்கு வராமல் விட்ட குடும்பம் ஒன்று நம் பக்கத்தில் இருக்கலாம். இந்தக் கிழமையே போய் அந்தக் கதவைத் தட்டுவோம். கடவுள் தந்ததை நாம் தொலைக்கலாமா?